கத்தி படாமல் மூலத்துக்கு வைத்தியம்: கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய் வந்த கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடும் இடத்தில் பின்வரிசையில் நிற்கிறவன். எழுத வந்ததே அதிகப்படி, அதிலும் மூல வியாதியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பயணக் கட்டுரை என்றால் லங்காவி, கேமரன் மலை என்று எழுதுவார்கள். நான் போனது கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை, முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இவ்வளவு தூரம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு ரத்தத்தோடு வீட்டில் இருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கிள்ளானில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். சொந்த பஸ். பிள்ளைகளை ஏற்றிய பிறகு கழிவறைக்கு நிறுத்த முடியாது என்பதால், காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் நிறையப் பேர் அப்படித்தான். அதன் பலன் மலச்சிக்கல், பிறகு ரத்தம். அரசு மருத்துவமனையில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, வேறு கெட்டது எதுவும் இல்லை, உள்மூலம்தான் என்றார்கள். அறுவை சிகிச்சை என்றால் சில வாரம் ஓட்ட முடியாது. பஸ்ஸை அத்தனை நாள் நிறுத்தினால் பெற்றோர்கள் வேறு பஸ் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எனக்குப் பிழைப்பு போய்விடும். கத்தி இல்லாமல் முடியுமா என்று கேட்கத்தான் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சிறப்பு மருத்துவரிடம் நாள் வாங்கினேன். விளையாட்டுப் போட்டி முடிந்து, திங்கட்கிழமை பள்ளிக்குச் சிறப்பு விடுமுறை விட்டிருந்தார்கள், அன்றைக்குத்தான் போனேன்.

காலை 7.30. கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினேன். கோலாலம்பூர் வேலைக்குப் போகும் கூட்டம். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் ஏறினார்களே தவிர இறங்கவில்லை. நான் நின்றுகொண்டே போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஸ்ரீ செத்தியாவில் என் மச்சான் சேகர் ஏறினான். என் மனைவியின் தம்பி. சுங்கை வே ஆள், தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வாய் ஓயாது. என்னைத் தனியாக விடக்கூடாது என்று மனைவிதான் அவனை அனுப்பியிருந்தாள். அவனிடம் நான் முதுகு வலி என்று சொல்லி வைத்திருந்தேன். மச்சானிடம் மூலம் என்று சொன்னால் அடுத்த தீபாவளி வரைக்கும் கேலி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

8.45. கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பேரங்காடி வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தோம். பூமாலைக் கடைகளில் அப்போதுதான் மல்லிகையை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு கடையில் தோசை சாப்பிட்டோம். எனக்குப் பதினொன்றரைக்குத்தான் நேரம். அதுவரை எங்காவது உட்காரலாம் என்று நினைத்தேன். சேகர் வேறு ஏற்பாடு செய்திருந்தான்.

"மாமா, டாக்டர பாக்கறதுக்கு முன்னாடி ஒரு உருட் போட்டுருவோம். முதுகுக்கு அதான் மருந்து. நான் புக் பண்ணி காசும் கட்டிட்டேன்லா."

பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் நடத்தும் உருட், அதாவது உடம்பு பிடித்துவிடும் நிலையங்கள் பெயர் பெற்றவை. ஒரு மணி நேரம் பிடித்துவிட அறுபது ரிங்கிட். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடிப்படி ஏறினேன். சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சேகர்.

பிடித்துவிடுகிறவர் என் வயதுக்காரர், தமிழர். கையில் எண்ணெய் ஊற்றும் முன் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"அண்ணே, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் இருக்கா? ரத்தம் போற வியாதி ஏதாச்சும்? இடுப்புல அழுத்துவேன், அதான்."

இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் அழுத்துவார். ஏதாவது ஆகி ரத்தம் அதிகமாகப் போனால், நாளைக்கு பஸ் எடுக்க முடியாது. ஒரு பொய்யைக் காப்பாற்ற பஸ்ஸை விடுவதா? எழுந்து உட்கார்ந்தேன்.

"மூலம் இருக்கு. ரத்தம் போவுது," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சேகர் கேட்டான். "மாமா, அப்ப முதுகு?"

"முதுகு நல்லா இருக்கு."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சீனரும் எழுந்துவிட்டார். "நீங்க காட்டுன முதுகு வேற, வலிக்கிற முதுகு வேற," என்றான். பிடித்துவிடுகிறவரும் சிரித்துக்கொண்டே, முதலில் மருத்துவரைப் பாருங்கள் அண்ணே என்று கையைத் துடைத்துக்கொண்டார். கட்டிய காசு வீணாகக்கூடாது என்று சேகரே படுத்துவிட்டான். நான் வெளியே அவனுக்காகக் காத்திருந்தேன். வெட்கம்தான். ஆனால் மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போலவும் இருந்தது.

11.30. மருத்துவர் ஒரு பெண் என்பது போன பிறகுதான் தெரிந்தது. என் மகள் வயதிருக்கும். காலையிலேயே ஒரு மாடி முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டவனுக்கு இனி என்ன? எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மலம் போகும்போது வெளியே வந்து, தானே உள்ளே போய்விடும் என்பதையும் சொன்னேன். அது இரண்டாம் நிலை என்றார். தண்ணீரும் நார்ச்சத்தும்தான் முதல் வைத்தியம், அது போதாதவர்களுக்கு ஊசி போட்டுச் சுருக்கலாம், கதிர் வெப்பத்தால் சுடலாம், அல்லது மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டலாம் என்று விளக்கினார். வளையம் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். சில நாளில் மூலம் காய்ந்து, வளையத்தோடு விழுந்துவிடும். எனக்கு அதுதான் பொருத்தம் என்றார்.

"மயக்க ஊசி போடுவீங்களா டாக்டர்?"

"தேவையில்ல அங்கிள். உள்ள அந்த எடத்துல வலி தெரியற நரம்பு கம்மி. அழுத்தற மாதிரி இருக்கும். கூர்மையா வலிச்சா ஒடனே சொல்லுங்க, எடுத்துருவேன்."

அடுத்ததைக் கேட்கத்தான் நான் வந்ததே. "நாளைக்கு பஸ் ஓட்டலாமா?"

"இன்னிக்கு ராத்திரி எப்படி இருக்குன்னு பாருங்க. தலை சுத்தல், வலி இல்லன்னா ஓட்டலாம். ஆனா தண்ணி குடிக்கணும். பிள்ளைங்கள எறக்கி விட்டுட்டு பள்ளிக்கூட டாய்லெட்டுக்குப் போங்க. அவங்க வேணாம்னா சொல்லப் போறாங்க?"

இத்தனை வருடத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

இடப்பக்கமாகப் படுக்கச் சொன்னார். ஒரு குழாய், ஒரு கருவி, டிக் டிக் என்று இரண்டு சத்தம், இரண்டு வளையம். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அரை மணி நேரம் உட்கார வைத்து, சில எச்சரிக்கைகள் சொல்லி அனுப்பினார்கள். வளையம் விழும்போது கொஞ்சம் ரத்தம் வரலாம். நிறைய வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, சிறுநீர் வராவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முக்கக்கூடாது. கைப்பேசியோடு கழிவறையில் உட்காரக்கூடாது. திரும்ப ஒரு தடவை போட வேண்டியும் வரலாம்.

மாலை 3 மணி. கிள்ளான் ரயிலில் இடம் இருந்தது. சேகர் ஸ்ரீ செத்தியாவில் இறங்கவில்லை. வீடு வரைக்கும் வந்து விடுகிறேன் என்றான். கேலியும் அதிகம் இல்லை. ஷா ஆலாம் தாண்டியதும் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தான். அவனோடு வேலை செய்யும் நண்பராம். இதே வியாதியாம், ஆபரேஷன் என்று பயந்து ஒரு வருடமாக யாரிடமும் போகவில்லையாம். "மாமா, நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்," என்று கைப்பேசியை என் கையில் கொடுத்தான்.

பிள்ளைகளின் பெற்றோர்கள் அழைத்தாலே இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறவன் நான். அன்று கிள்ளான் வரும் வரை பேசினேன். முதலில் மருத்துவமனையில் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தத்துக்கு வேறு காரணம் இல்லை என்று தெரிய வேண்டும் என்றேன். பிறகு வளையம், ஊசி, தண்ணீர், எல்லாம் சொன்னேன். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. இறங்கும்போது அவர் என் சட்டையைத் தொட்டு, "தம்பி, அந்த டாக்டர் எந்த ரோட்ல?" என்று கேட்டார். வழி சொன்னேன். என் வாழ்க்கையில் அன்றுதான் நாலு பேர் கேட்கும்படி பேசியிருக்கிறேன். அந்தப் பெருமையில்தான் இதை எழுதவும் துணிந்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. லேசான பாரம் இருந்தது, வலி இல்லை. ஐந்தரைக்கு பஸ்ஸை எடுத்தேன். பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள்.