அக்கறை

மாலை ஏழு இருபதுக்கு என் மகள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றாள். அதுவரை எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய நார்த்மீட்டில் ஒரு பள்ளி மண்டபம், ஆங்கில விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்க வெளியுறவுக் கொள்கை அந்த நாட்டின் நலன்களைக் காத்திருக்கிறது என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கலில் மகளின் அணிக்கு ஆதரித்துப் பேசும் பக்கம் விழுந்திருந்தது. பக்கத்து வெஸ்ட்மீட்டில் வேலை முடிந்து, சீருடை மாற்றாமலே வந்து பின்வரிசையில் இருந்தேன்.

எண்ணெய்க் கப்பல்கள் போகும் கடல்வழிகள், தூர நாடுகளில் அமைத்த படைத்தளங்கள் என்று நிதானமாகப் பேசினாள். பிறகு குரலைச் சற்றே தாழ்த்தினாள்.

"இலங்கையில் ஒரு கடற்கரை. போரின் கடைசி நாட்கள். அமெரிக்கக் கப்பல் வந்து ஏற்றிப்போகும் என்று சனம் காத்திருந்தது. அங்கே ஓர் ஆங்கில ஆசிரியர் இருந்தார். வானொலியில் 'அமெரிக்கன் இன்ரறெஸ்ட்' என்று கேட்டதும், நலன் என்று எடுக்காமல், அமெரிக்காவுக்கு நம்மில் அக்கறை என்று மொழிபெயர்த்தார்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து முடித்தாள்.

"அந்தக் கடற்கரையில் அமெரிக்காவுக்கு எந்த நலனும் இல்லை. அதனால் கப்பல் வரவில்லை. கொள்கை சரியாக வேலை செய்தது."

அந்த ஆசிரியர் என் கணவர். கடலைப் பார்த்தபடி நின்றவர்மேல் ஷெல் விழுந்தபோது இவள் என் வயிற்றில் இருந்தாள். இவளுக்கு நான் கொடுக்க முடிந்த தகப்பன் அந்த ஒரு கதைதான். சின்ன வயதில் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுத்தான் தூங்குவாள்.

அவளுடைய அணி வென்றது. அன்றைய சிறந்த உதாரணம் அந்தக் கடற்கரைதான் என்றார் நடுவர்.

காரில் ஏறியதும் கேட்டாள். "வின் பண்ணிட்டம். ஏன் மூஞ்சைய இப்பிடி வச்சிருக்கிறீங்கள்?"

"சனம் சிரிச்சது."

"டிபேட்டில சிரிக்க வைக்கவேணும் அம்மா."

"கொப்பாவைப் பாத்துச் சிரிச்சதுகள்."

"அவர் பிழையாத்தானே சொன்னவர். அந்த இன்ரறெஸ்ட் எண்டா அக்கறை இல்ல, லாபம். அது விளங்கியிருந்தா நீங்கள் முதலே வெளிக்கிட்டிருப்பீங்கள். அவரும் இருந்திருப்பார்."

சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் கையை எடுத்தேன்.

அவள் தொலைபேசியைத் தடவத் தொடங்கினாள். பிறகு, "கப்பல் வரேல்ல, ஓகே. அப்ப கடைசியா ஆர் வந்தது? அத நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே" என்றாள்.

சொன்னேன்.

ஆமிக்காரர்கள் வந்தார்கள். கப்பல் கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கணவரை என் சேலையால் மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். இளம் சிப்பாய் ஒருவன் சப்பாத்து நுனியால் சேலையை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு என் வயிற்றைப் பார்த்தான். கடைசியில் கையை நெற்றியில் வைத்து, வெறுங்கடலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடுவதுபோல் நடித்துவிட்டு, தெரிந்த தமிழில் கேட்டான்:

"அக்கா, அமெரிக்கா எங்க?"