தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் சம்மதம்

"...வெள்ளைக்காரன்ரை சட்டசபையிலையும் உங்கடை ஆக்கள் இதைத்தானே அண்ணை செய்தவை? ரெண்டு சனமும் தமிழ்தான் கதைக்குது, அப்ப ஒரு ஆள் போதுமெண்டு. என்ரை வாயிலை நீங்கள் எப்ப குடிவந்தனீங்கள்?"

நொர்வேயில், குரோருட்டில் எங்கள் அடுக்குமாடியின் தபால்பெட்டிகளுக்கு முன்னால் நின்று மேல்மாடி நானா கேட்டார். யாழ்ப்பாணத்து முஸ்லிம். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூப்பு என்று இருபது வருடமாக இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

பிழை என்னுடையதுதான். குடியிருப்புச் சங்க நிர்வாகத்தில் நானும் ஒருவன். எல்லோரும் கூடி முற்றம் துப்புரவாக்கும் டுக்னாட்டுக்கு ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சரிவருமா என்று கேட்டார்கள். "தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்று எழுதிக் கொடுத்தேன், நானாவின் வீட்டையும் சேர்த்து. அது நோன்புப் பெருநாள். துரொண்ட்ஹெய்மிலிருந்து அவருடைய மகள் குடும்பத்தோடு வருகிற நாள். டுக்னாட்டுக்கு வராத வீட்டை இங்கே ஒரு வருடத்துக்கு மறக்கமாட்டார்கள்.

அந்தச் சட்டசபைக் கதை எனக்கும் தெரியும். வெள்ளைக்காரர் ஆண்ட இலங்கையில், தமிழ் பேசுகிற எல்லோருக்குமாக ஒரு தமிழர் அங்கே உட்கார்ந்திருந்தார். முஸ்லிம்களுக்கென்று தனியிடம் வர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது, அதுவும் ஆளுநர் பார்த்து நியமிக்கிற இடம். வாசித்தபோது, எங்கள் ஆள் எல்லாருக்குமாகப் பேசினாரே என்று பெருமைதான் பட்டேன். யாரும் அவரைப் பேசச் சொன்னார்களா என்று யோசிக்கவில்லை.

"கூட்டத்திலை நான் சொல்லி நாளை மாத்திறன் நானா," என்றேன்.

"பாருங்கோ. திரும்பவும் நீங்கள்தான் சொல்லப் போறியள்."

சிரிக்காமல் படியேறிப் போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்க நல்ல அயலவரை ஒரு வரியில் தொலைத்துவிட்டேனோ என்றிருந்தது.

ஆண்டுக் கூட்டத்தில் நானா எழுந்து, நிதானமான நொர்வேஜிய மொழியில் சொன்னார்: அன்று எங்களுக்குப் பெருநாள். இந்தக் கட்டடத்தில் ஐந்து முஸ்லிம் வீடுகள். ஒரு வீட்டையும் ஒருவரும் கேட்கவில்லை.

தலைவி நாட்காட்டியைப் பார்த்தார். "அப்படியென்றால் அடுத்த சனி," என்றார். அவ்வளவுதான்.

அடுத்து, நிர்வாகத்தில் ஓரிடம் காலி, யார் வருகிறீர்கள் என்று கேட்டார். வழக்கம்போல எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். நானாவின் பெயரைச் சொல்ல என் கை பாதிவரை எழும்பிவிட்டது. நல்லகாலம், நினைவு வந்து இறக்கிக்கொண்டேன். நானா அதைக் கண்டுவிட்டார். வாய்க்குள் சிரித்தபடி தன் கையைத் தூக்கி, தன் பெயரைத் தானே சொன்னார்.