கிளிஞ்சல்மேட்டில் வாசித்துக் காட்டிய அறிக்கை

மதியம் இரண்டு மணிக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்தோம். கிளிஞ்சல்மேட்டுக்கு நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்குப் படிந்தார். உடன் வந்த தோழி கவிதா, மீன் விற்கும் பெண்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்கிறாள். அச்சுக்குத் தருமுன் அறிக்கையை அவர்களிடம் வாசித்துக் காட்டப் போகிறாள். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

"ஆராய்ச்சிங்களா?" என்றார் ஓட்டுநர். "சுனாமிக்கு அப்புறம் இங்க வந்து கேள்வி கேக்காத ஆளே இல்லீங்க. கேட்டுட்டுப் போனவங்க திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

கவிதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. திரும்பிப் போகிற ஆள் அவள்தானே!

பெண்கள் சந்தையிலிருந்து திரும்பி, காலிக் கூடைகளோடு ஏலக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். கவிதா வாசித்தாள். நல்ல மீனைப் படகுக்காரர்கள் வெளியூர் வியாபாரிகளுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் உள்ளூர்ப் பெண்களுக்கு ஏலம் விடுகிறார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருவர் சொல்லியிருந்தார். அவர் பெயரைக் கவிதா கவனமாக மாற்றியிருந்தாள். அவர் விற்கும் மீனை மாற்றவில்லை. கொட்டகையில் ஒரே சிரிப்பு. ஊரில் அந்த மீனை விற்பவர் ஒருவர்தான். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

அவர் சிரிக்கவில்லை. "பேர மாத்தி என்னம்மா பண்றது? படகுக்காரவங்க படிச்சா நாந்தான்னு தெரிஞ்சிரும். நாளைக்கு ஏலத்துல தொண்ட கிழியக் கத்துனாலும் அவங்க காதுல விழாது. எம் பொழப்பு அதோட போச்சு."

கவிதா பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனாள். "எடுத்துடுறேன் அக்கா."

"ஏன் எடுக்கணும்? உண்மைதானே?" என்றார் பக்கத்திலிருந்தவர். "நாங்க எல்லாரும் சொன்னதாப் போடுங்க. அத்தனை பேரையும் ஏலத்த விட்டுத் தள்ளிட முடியுமா?"

கவிதா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டாள். ஒருவர் மட்டும் வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். கடைசியில், "என்னையும் சேத்துக்குங்க" என்றார்.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்களும் எழுதுவீங்களா?"

"போய்வந்த ஊர்களைப் பற்றி எழுதுவேன்."

"அப்ப நீங்களும் படிச்சுக் காட்டிட்டுத்தான் போடணும்."

எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் சொந்த ஊரில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை. முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அடுத்த மாதம் அதே ஆட்டோவில் போய், இந்தக் கட்டுரையை அதே கொட்டகையில் வாசித்தேன். அந்த மீனின் பெயரையும், முதல் நாள் அதை விற்பவர் வீட்டில் சாப்பிட்ட அதன் குழம்பையும் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துவிட்டேன்.

நன்றாகத்தான் வந்திருந்தது அந்த அரைப் பக்கம்.