நீலப் பையில் இரண்டு பிரஷ்

1. பள்ளி விடுமுறையில் ஒரு நாள், அம்மா நீலப் பையில் அப்பா உடுத்தும் இரண்டு சேட், ஒரு சாரம், முகம் துடைக்கும் துவாய், டூத்பிரஷ் எல்லாம் அடுக்கினார்.
2. குடும்பமாகப் பயணம் போகிறோம் என்று நான் முடிவு செய்தேன். என் பிரஷ் பையில் இல்லாததால் நானே வைத்தேன்.
3. அம்மாவுக்கு ஷிப்ட். அப்பா, சித்தப்பா, நான் மூவரும் வீட்டருகே மனோர் பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம்.
4. ஒரு கட்டடத்துக்குள் 'சைன் பண்ண' அப்பா பையுடன் போனார்.
5. மூன்று மணி நேரம் கழித்து வந்தார்.
6. ரோமர்களின் அரங்கம் பார்த்தோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஐந்தாவதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

பயணம் போகும் பெரியவர்கள் எங்காவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். வெளியே சித்தப்பா சுடச்சுட வாங்கித் தந்த சிப்ஸ் ஆறிப்போனது. அவர் ஒன்றுகூடத் தொடவில்லை.

"அப்பா ஹோட்டல் புக் பண்ணுறாரோ?"

"ஓம். அறை இருக்கோ எண்டு பாக்கினம்," என்றார் சித்தப்பா. "இல்லையெண்டால்தான் நல்லது."

அறை இல்லாவிட்டால் எப்படி நல்லது என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வெளியே வந்ததும் சித்தப்பா பையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவைப் போனில் அழைத்தார். "விட்டிட்டாங்கள் அண்ணி, விட்டிட்டாங்கள்."

அப்பா என் முன்னால் குந்தினார். அவர் கையில் என் இளஞ்சிவப்பு பிரஷ். உள்ளே அதிகாரிகள் பையை மேசையில் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான். நீங்கள் என்ரை பிரஷை மறந்திட்டியள்."

அப்பா பிரஷைத் தன் சட்டைப்பையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தார். "பிள்ளையை எங்கையாவது கூட்டிக்கொண்டு போகோணும். இண்டைக்கே."

"இப்ப வெளிநாட்டுக்குப் போக ஏலாது அண்ணை. ஆனா ரோம் இஞ்சையே நிலத்துக்குக் கீழை கிடக்காம். வாங்கோ."

ரோமர் காலத்துச் சண்டை அரங்கம் ஓர் ஓவியக் கூடத்தின் அடியில் இருந்தது. இருட்டு, இடிந்த கல்சுவர்கள், பச்சை ஒளியில் கோடுகளாய் நின்ற வீரர்கள். எங்கிருந்தோ கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. பயணம் என்றால் கடல் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் ஆங்கில அறிவிப்புப் பலகைகளை அப்பாவுக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன்.

வாசல் பக்கம் சின்ன அறை ஒன்று. சண்டைக்குப் போகிறவர்கள் கதவு திறக்கும்வரை அதில் காத்திருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

"எவ்வளவு நேரம் வைச்சிருந்தவையாம்?"

தேடிப் பார்த்தேன். "அது போடேல்லை, அப்பா."

"மூண்டு மணித்தியாலம்," என்றார் சித்தப்பா.

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பலகையில் இல்லாததைச் சித்தப்பா சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்.

விசா கிடைக்காத அகதிகள் குடிவரவு அலுவலகத்தில் தவறாமல் சைன் பண்ண வேண்டும் என்பதும், அப்படிப் போகிறவரை அங்கேயே பிடித்து அடைத்து, நாட்டை விட்டு அனுப்பிவிடக்கூடும் என்பதும், அதற்காகத்தான் அந்தப் பை என்பதும் எனக்குத் தெரியாது. அதில் ஏன் ஒருவருடைய சாமான் மட்டும் இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. மறதி என்றே நினைத்தேன்.

இப்போது அப்பாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. பயணத்துக்கு நான்தான் பட்டியல் போட்டு அடுக்குகிறேன். நீலப் பையை மட்டும் எடுக்க விடமாட்டார். அது கட்டிலுக்கு அடியில், வெறுமையாக இருக்கிறது.