என் மரநாயும் கீர்த்தனா கல்யாணமும்

இன்னைக்குக் காலையில கூரியர்ல ஒரு பார்சல் வந்துச்சு...

நான் படம் வரைஞ்ச புக்கு!

எனக்கு முன்னாடி எங்க அத்தா வாசலுக்கு ஓடிட்டாரு. (மூட்டு வலி எங்க போச்சுன்னு தெரியல!)

காரணம் இருக்கு.

சொந்தமா புக்கு போடுற எழுத்தாளர்களுக்குப் படம் வரைஞ்சு குடுக்குறதுதான் என் வேலை. ஆனா அத அத்தா ஒரு வேலையாவே மதிக்கல.

"மாமா தோல் மண்டியில கணக்கு பாக்க ஆளில்ல, வந்து ஒக்காரு"ன்னு தெனம் ஒரே பாட்டு.

சண்டை முத்திப் போயி ஒருநாள் அவரே சொன்னாரு, "அச்சடிச்ச புக்குல ஒன் பேரக் காட்டு. அதுக்கப்புறம் நான் மண்டின்னு வாயத் தொறக்கல."

இதுக்கு முன்னாடி வரைஞ்சதுக்கெல்லாம் ராசி இல்ல. ஒருத்தரு புக்கே போடல. இன்னொருத்தரு நான் வரைஞ்ச அட்டைய எடுத்துட்டு அவரு கல்யாண போட்டோவப் போட்டுட்டாரு! (கவிதைத் தொகுப்புக்கு!)

அப்பத்தான் தொப்பம்பட்டி பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்க ஒரு சார் கூப்புட்டாரு. கொழந்தைங்க கதை. புக்குல உங்க பேரு கண்டிப்பா வரும்னு வாக்கும் குடுத்தாரு. இளநி திருடித் திங்கிற மரநாய் ஒண்ணுக்குத் திடீர்னு உயரம்னாலே பயம் வந்துருது.

நெசமாவே நல்ல கதைங்க. (அதான் இம்புட்டு வயித்தெரிச்சல்.)

தோப்ப நேர்ல பாக்கணும்னு பஸ் புடிச்சுப் போனேன். சாரோட பொண்ணு கீர்த்தனா டீ குடுத்துட்டு, நான் வரையிறத எட்டி எட்டிப் பாத்துச்சு.

"எனக்கு வட்டம் போட்டாலே முட்டையா வருதுங்க்கா"ன்னு சிரிச்சுச்சு.

இந்த டயலாக்க ஞாபகம் வச்சுக்கோங்க!

மரநாய் கண்ண இறுக்க மூடிட்டு தென்ன மட்டையக் கட்டிப் புடிச்சிருக்கும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் எத்தன பேப்பரக் கிழிச்சேன்னு எனக்குத்தான் தெரியும்.

காசெல்லாம் ஒழுங்கா குடுத்துட்டாரு. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன்.

சரி, பார்சலுக்கு வாரேன்.

அத்தா கண்ணாடியப் போட்டுட்டு மொதப் பக்கத்துல இருந்து வெரல் வச்சுத் தேடுறாரு.

கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. மறுபடி பாத்தாரு.

"ஏம்மா, ஓவியம் கீர்த்தனான்னு போட்டிருக்கு. யாரும்மா அது?"

நான் புடுங்கிப் பாத்தேன். ஆமா. ஓவியம்: கீர்த்தனா.

நன்றின்னு ஒரு பக்கம் முழுக்க இருக்கு. மச்சானுக்கு நன்றி. உரக்கடைக்காரருக்கு நன்றி. தோப்புக் காவலுக்கு இருக்க நாய்க்குக்கூட நன்றி! (பேரோட! மணி!)

என் பேரு மட்டும் எங்கயும் இல்ல.

சாருக்குப் போனப் போட்டேன். "சார், ஓவியம்னு உங்க பொண்ணு பேரு இருக்கே?"

"நானே கூப்புடோணும்னு இருந்தனுங்க அம்மிணி. பொண்ணு பாக்க வந்தவிய, பொண்ணுக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க. உங்க படம் டேபிள்மேல கெடந்துச்சுங்களா... இவதான் வரைஞ்சான்னு எங்கூட்ல சொல்லிப்போட்டாங்க."

"சரி சார், அது வாயில சொன்னது. புக்குல ஏன் சார்?"

"புக்கு எப்ப வரும்னு அவிய கேட்டுட்டே இருக்காங்களேங்க! சொன்ன சொல்ல மாத்த முடியுங்களா?"

(எங்கிட்ட சொன்ன சொல்ல மட்டும் மாத்தலாமாம்!)

"கல்யாணம் முடியட்டுங்க. ரெண்டாவது பதிப்புல உங்க பேரப் பெருசாவே போட்டர்றனுங்க. பத்திரிகை வெக்க நானே நேர்ல வர்றனுங்க."

போன வச்சுட்டு அழுதேன். கோவத்துல வந்த அழுகை. நல்லா சத்தமாவே அழுதேன்.

மத்தியானம் சோத்துல கை வச்சேன். அப்ப ஒரு வீடியோ கால்.

கீர்த்தனா!

"அக்கா... அப்பா பண்ணுனது தப்புதானுங்க. எனக்குத் தெரியும். என்னால பேச முடியலங்க்கா."

கண்ணெல்லாம் வீங்கியிருக்கு.

"ஞாயித்துக்கெழமை மாப்ள வீட்ல இருந்து வர்றாங்க. அவங்க வீட்டுக் குட்டிப் பசங்களுக்கு நான் மரநாய் வரைஞ்சு காட்டோணுமாம். எப்படீன்னு சொல்லித் தாங்களேன்..."

முடியாது போன்னு சொல்ல வாயெடுத்துட்டேன்.

பின்னாடி நின்ன அத்தா, "பாவம்மா பிள்ள. சொல்லிக் குடு. கல்யாணம் கில்யாணம் நின்னு தொலையப் போகுது"ன்னாரு.

என் படம் போச்சு, பேரு போச்சு, இப்ப டியூஷன் வேற!

"மொதல்ல ஒரு வட்டம் போடு."

"போட்டனுங்க்கா."

(முட்டை!)

தலைக்கு ஒரு வட்டம், ஒடம்புக்கு ஒண்ணு, வால நீட்டமா இழுன்னு சொல்லிட்டே நானும் கூடவே வரைஞ்சேன். கண்ண மூடுன மரநாய். அத்தா பக்கத்துல ஒக்காந்து என் கையையே பாத்துட்டு இருந்தாரு. இத்தன வருஷத்துல அவரு அப்படி ஒக்காந்து பாத்ததே இல்ல.

கால் முடிஞ்சதும், "நல்லாத்தாம்மா வரையிற"ன்னாரு.

நான் பென்சிலக் கீழ வச்சுட்டு அவரு மொகத்தப் பாத்தேன்.

"திங்கக்கெழமை மண்டிக்கு மாமா வரச் சொல்லிட்டாரு. காலையில கெளம்பிரு. பேரு வந்திருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்?"

அந்தப் புக்க அலமாரியில பத்திரமா வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாரு. அத எதுக்குப் பூட்டுனாருன்னு எனக்கு இப்ப வரைக்கும் புரியல.

ஒண்ணு முடிவு பண்ணிட்டேன் மக்களே. கீர்த்தனா கல்யாணத்துக்குக் கண்டிப்பா போவேன். மொத ஆளா மொய் வைப்பேன்.

மொய் நோட்டுலயாவது என் பேர எழுதித்தானே ஆகணும்?