ஏழாவது வீட்டின் கையெழுத்து

ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் மோட்டார் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வேலை பாதிக் காரணம். ஒரு இடத்தில் ஒரு நிமிடம் நிற்க மாட்டாள் என்பது மீதிக் காரணம். சாப்பிடும்போதுகூட இவளுக்கு ஒரு கால் வாசலில்தான் என்பார் அவள் புருஷன்.

மின்கட்டணம் ஏறிக்கொண்டே போனதால், ஒரு வேளை மட்டும் மோட்டாரை ஓட்டும்படி நகராட்சி சொல்லிவிட்டது. குழாயடி ஏச்சுப் பேச்செல்லாம் அவள் தலையில் விடிந்தது. அந்தச் சமயத்தில்தான் அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ஊர்க்காரர்களே சங்கம் அமைத்துச் சொந்தமாகக் காற்றாலை நிறுவினால் செலவில் பாதி மானியம். மிஞ்சுகிற மின்சாரத்தைப் பதினைந்து வருடத்துக்கு ஒரே விலையில் அரசே வாங்கிக்கொள்ளும். அந்த அறிவிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாலே மாதத்தில் இருநூறு குடும்பங்கள் பங்குதாரர் ஆயின. அவளையே செயலாளராகவும் போட்டுவிட்டார்கள்.

ஒரு நிபந்தனைதான் இடித்தது. காற்றாலைக்கு ஐந்நூறு மீட்டருக்குள் வசிக்கிறவர்கள் அத்தனை பேரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இருந்தது ஏழு வீடு. ஆறு கையெழுத்து வந்துவிட்டது. ஏழாவது வீடு அவளுடைய கூடப்பிறந்த அக்காவின் வீடு.

அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். வேலை முடிந்தும் காதுக்குள் இரைச்சல் ஓயவில்லை. அதனால்தான் சந்தடியில்லாத ஊர்க்கோடியில் வீடு வாங்கினாள். சங்கத்து ஆட்கள் மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் கதவைப் பாதி திறந்து, முடியாது என்று சொல்லிச் சாத்திவிட்டாள். தங்கை போகவே இல்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோது யார் அதிகம் பார்த்துக்கொண்டார்கள் என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கையில் சங்கத் தலைவரான ரொட்டிக்கடைக்காரர் மோட்டார் அறைக்கே வந்தார்.

"உங்க அக்கா கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா? யாரு ஒப்பிட்டுப் பாக்கப் போறா?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"அது தப்பு."

"இருநூறு குடும்பத்தைப் பாருங்க."

அவர் போனபின் அவள் படிவத்தை விரித்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த எழுத்து. ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூடிய வால்வையே திரும்பத் திரும்ப மூடினாள். அன்று தொட்டி நிரம்பி வழிந்தது. பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

கடைசி நாள் மத்தியானம் படிவத்தோடு மானிய அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில், ஏன் என்று யோசிக்காமலே இறங்கி, வந்த வழியே நடந்தாள். அரை மணி நேர நடை. அக்கா கதவைத் திறந்ததும் படிவத்தை நீட்டினாள்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நான் போடறதைவிட நல்லா இருக்கு."

"கிழிச்சுடு அக்கா. இல்ல, போலீசுக்குப் போறதானாலும் போ. நான் மறுக்க மாட்டேன்."

"நீ ஏன்டி ஒரு தடவைகூட வரல?"

"வந்தா கதவைத் திறப்பியோ மாட்டியோன்னு..."

"அவங்க வந்தாங்க. கையெழுத்து கேட்டாங்க. உனக்கு என்ன கஷ்டம்னு எவனாவது கேட்டானா? கல்குவாரி மேட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சா எனக்கு என்ன வந்தது? நாலு நாளா ஒரு வரைபடம் போட்டு வெச்சிருக்கேன். யாருகிட்ட குடுக்க?"

வரைபடம் துல்லியமாக இருந்தது. ஆனால் இடம் மாறினால் விண்ணப்பமே புதிது. காற்றின் வேகத்தையும் புதிதாக அளக்க வேண்டும். அக்கா பொய்க் கையெழுத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். தங்கை தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அலுவலகக் கதவு மூடியபோது அவள் அக்கா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் கூட்டத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தலைவர் முதலில் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு, "யோசனை சொன்னது நான்தான்," என்று எழுந்து ஒப்புக்கொண்டார். அப்படியும் முப்பது குடும்பங்கள் விலகிக்கொண்டன. அடுத்த வருடம் திட்டம் மறுபடி வந்தபோது பாதி மானியம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அந்தக் கோபத்தில் சிலர் அவளோடு பேசுவதையே நிறுத்தினார்கள். அவள் மட்டும் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் காற்றை அளக்க நிறுத்திய கோபுரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வருடம் குவாரிக்கு அப்பால் காற்றாலை சுற்றியது. அதில் வருகிற வருமானத்தில் மோட்டாருக்கான மின்கட்டணத்தைச் சங்கமே கட்டியதால், நகராட்சி மறுபடி இரண்டு வேளையும் தண்ணீர் விட்டது. அக்கா பங்குதாரர் ஆனதோடு, சங்கத்துக்கு வரும் புகார்களைத் தொலைபேசியில் கேட்டு எழுதும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாள்.

போன வாரம் ஒரு நாள் காலையில் அக்காவே தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "காத்து திரும்பியிருக்கு. காத்தாலைச் சத்தம் இங்க லேசா கேக்குது."

"நிஜமாவா? இல்ல, உன் காதுக்குள்ள கேக்கறதா?"

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாடி எனக்கு? புகார் நோட்டுல முதல் வரியா என் பேரை எழுதிட்டேன். வந்து நீயே கேளு."

தங்கை மோட்டாரை நிறுத்தி, அறையைப் பூட்டிவிட்டு, சைக்கிளை எடுத்தாள்.