வாலிலிருந்து ஒட்டிய மீன்

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நானும் என் மகள் செல்வியும் நிற்கிறோம். கையில் நாங்கள் செய்த படம். மீனை அவள் அட்டையில் வரைந்தாள். நான் விற்கிற சங்கரா மீனின் செதிலைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். தெரியாமல் தலையிலிருந்து ஒட்டிவிட்டாள். ஓடு வேய்வதுபோல, செதிலை வாலிலிருந்துதான் அடுக்க வேண்டும். காலையில் பிரித்து இரண்டு பேருமாகத் திரும்ப ஒட்டினோம். பசை இன்னும் காயவில்லை. பத்து மணிக்குள் சோழிங்கநல்லூரில் கொடுத்தால்தான் அங்கே ஓவியக் கண்காட்சியில் மாட்டுவார்கள்.

பஸ் வருகிறது. கண்டக்டர் மறிக்கிறார்.

"இன்னாம்மா, மீனா? மீனெல்லாம் ஏத்தக் கூடாது."

"படம்."

"நாத்தம் வருதே."

"அது என் பொடவ. நான் மீன் விக்கறவ. படத்த மோந்து பாருப்பா."

குனிந்து மோந்து பார்க்கிறார். "எலுமிச்சங்கா வாசன."

"அதுலதான் கழுவுனோம்."

"சரி, ஏறு. சீட்டுக்கு அடியில வெச்சிக்கோ."

"வெக்க மாட்டேன்."

ஆளுக்கொரு பக்கம் தட்டுபோலப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். மேடவாக்கத்தில் கூட்டம் ஏறுகிறது.

"தள்ளி நில்லுபா, அக்கா கையில மீன் கீது," என்கிறார் கண்டக்டர்.

"படம்ண்ணா," என்கிறாள் செல்வி.

"சரி, படம் கீது. தள்ளு."

பிரேக் போட்டதில் ஒரு செதில் கீழே விழுகிறது. கண்டக்டரே பொறுக்குகிறார். "இது எங்கம்மா?"

"வால்லேந்து மூணாவது வரிச," என்கிறாள் செல்வி. வாங்கி அழுத்தி ஒட்டுகிறாள்.

இறங்கும்போது பத்தாக ஐந்து நிமிடம். ஓடலாம் என்கிறாள் செல்வி. ஓடினால் செதில் உதிரும். நடக்கிறோம்.